அந்த ஐந்து நொடி எங்கே போனது?

சர்வரிலிருந்து கோப்புகளை இழுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று திடீரென்று மந்தமானது. எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் 'டைம்' கட்டளையை முன்னால் போட்டு ஓட்டினேன். 'ரியல்', அதாவது கடிகாரப்படி ஆன மொத்த நேரம், ஐந்து நொடிக்கு மேல். சிபியு வேலை செய்த நேரமான 'யூசர்', 'சிஸ்' இரண்டும் சேர்ந்து அரை நொடிகூட இல்லை. அதாவது சிபியு சும்மா இருக்கிறது, ஸ்கிரிப்ட் எதற்கோ காத்துக் கிடக்கிறது. நிரலை எவ்வளவு செதுக்கினாலும் பயனில்லை.

அப்புறம் எஸ்டிரேஸ்: ஒரு நிரல் இயங்குதளத்திடம் கேட்கும் வேலைகளை, அதாவது சிஸ்டம் கால்களை, வரிவரியாகக் காட்டும் லினக்ஸ் கருவி. சின்ன எழுத்து 'எஃப்' போட்டால் துணைச் செயல்களையும் தொடரும். பெரிய எழுத்து 'டி' போட்டால் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ஆன நேரம் அதன் வரியிலேயே வரும். பதில் வரும்வரை காத்திருக்கும் 'போல்' கால் ஒன்று மட்டும் அச்சு அசலாக 5 நொடி, சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் பதிலுக்காக! எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் கான்ஃப் கோப்பில் முதலில் இருந்த நேம்சர்வர் எப்போதோ செத்துப்போன முகவரி. பதில் வராவிட்டால் லினக்ஸில் வழக்கமாக 5 நொடி பொறுத்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். அந்த வரியை எடுத்தேன், சரியாகிவிட்டது.

ஒரே ஓட்டத்தை நான் நம்புவதில்லை. கட்டளையைப் பலமுறை ஓட்டிச் சராசரி நேரம் சொல்லும் ஹைப்பர்ஃபைனிலும் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை வட்டிலிருந்து படிப்பது அடுத்த தடவை நினைவகத்தில் உள்ள கேஷிலிருந்து வரும் என்பதால், அளப்பதற்கு முன் சும்மா ஓட்டிப் பார்க்கும் 'வார்ம்அப்' கொடுத்தேன். சராசரி ஒரு நொடிக்குள் வந்தது.