முதியோரின் ஊட்டச்சத்துக் குறைவு: வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியம்மா தம் மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் நூல் சுற்றிக்கொண்டதை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். எழுபதைத் தாண்டியவர் இளைக்கத்தானே செய்வார் என்று பேசாமல் இருந்துவிட்டோம். முதலில் விட வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். வயதோடு தசை ஓரளவு குறைவது உண்மையே என்றாலும், உணவைக் குறைக்கும் எண்ணமே இல்லாத ஒருவர் ஆறு மாதத்தில் தம் எடையில் இருபதில் ஒரு பங்கை, அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோவை இழந்தால், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். 2017-18இல் நடந்த இந்திய முதுமை ஆய்வின் முதல் சுற்றில், 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்களாக இருந்தனர்.

எடைக் கருவியை மட்டும் நம்புவதும் தவறு. இதயக் கோளாற்றாலோ சிறுநீரகக் கோளாற்றாலோ கால் வீங்கியிருந்தால் நீரின் எடை இளைப்பை மறைத்துவிடும். கூன் விழுந்தவரின் குறைந்துபோன உயரத்தை வைத்து உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டைக் (BMI) கணக்கிட்டால், அவர் நல்ல எடையில் இருப்பதாகவே தோன்றும். தையல் நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து பாருங்கள். வீக்கம் இல்லாத காலில் அது 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பல் போனவருக்குக் கஞ்சி, ரசம் சோறு, டீயில் நனைத்த பிஸ்கட் ஆகியவையே போதும் என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். அவற்றால் வயிறு நிறையும், ஆனால் தசைக்கு வேண்டிய புரதம் கிடைக்காது. 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை என்பது முதியோர் நல மருத்துவர்கள் பலர் சொல்லும் கணக்கு; சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், ஒரு டம்ளர் பாலில் அதே அளவும் இருக்க, இரண்டு பிஸ்கட்டில் ஒரு கிராம் அளவே இருக்கும். மென்று தின்ன முடியாது என்பதற்காகச் சத்தைக் குறைக்க வேண்டியதில்லை. குழைந்த பாசிப்பருப்புப் பொங்கல், பொட்டுக்கடலை மாவு கரைத்த கஞ்சி, கெட்டிச் சாம்பாரில் ஊறிய இட்லி, மீன் சாப்பிடுபவருக்குச் சுறாப்புட்டு என்று பல்லுக்கு வேலை வைக்காத பண்டங்கள் நம் அடுப்படியிலேயே உண்டு. ஈறு சுருங்கச் சுருங்கப் பழைய பல்செட் தளர்ந்து புண்ணாக்கும் என்பதால் அதையும் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்காக என்றோ ஒருநாள் எழுதித் தந்த பத்தியத்தை இருபது ஆண்டுகள் கழித்தும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். நாக்கில் சுவையும் மூக்கில் மணமும் ஏற்கெனவே மங்கிய ஒருவருக்கு உப்பையும் எண்ணெயையும் எடுத்துவிட்டு இரவுக்கு இரண்டு காய்ந்த சப்பாத்தியை வைத்தால், ஒன்றைத்தான் தின்பார். உணவு குறைந்தும் மாத்திரை பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழவும் கூடும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. சாப்பாடு குறைந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரைகளையும் சந்தேகப்படுவது நல்லது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும். அதுவும் நெஞ்செரிச்சல் மாத்திரைகளும் நெடுநாள் போனால் வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவு மட்டுமே உண்பவருக்கு இந்த ஆபத்து அதிகம். பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகலாம், மறதி வரலாம் என்பதால், அவற்றை வயதின் தலையில் கட்டுவதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். விலை கூடிய சத்து மாவு டப்பாக்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: சாப்பாட்டுக்குச் சற்று முன்பு கொடுத்தால் இருக்கிற பசியும் போய்விடும்.

இரவில் எழ வேண்டியிருக்குமே என்று மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு, அதிலும் கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் பசியின்மை. இதற்குச் சத்து மாத்திரை தேடுவதைவிட, வழியில் ஒரு விளக்குப் போடுவது பயன் தரும்.

பணத்தைப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 60 முதல் 79 வயது வரையிலானவர்களின் முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய்தான். தமிழ்நாட்டில் 2023இல் மொத்தத் தொகை 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் மாத்திரையும் பேரனுக்கு நோட்டும் வாங்கியபின் மிஞ்சுவது சொற்பம். ரேஷன் அரிசி இருப்பதால் பட்டினி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், முட்டைக்கும் பாலுக்கும் காசு வேண்டும் என்பது மறந்துபோகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியே உட்காரும் கைம்பெண்களின் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் யாரும் பார்ப்பதில்லை.

வெளியூரிலிருந்து பிள்ளைகள் தொலைபேசியில் “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டால் “ஆச்சுப்பா” என்றுதான் பதில் வரும். இன்று என்ன குழம்பு, எத்தனை இட்லி, கூட யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் வேறு பதில் வரும். பெரியம்மாவிடம் அப்படிக் கேட்டபோதுதான், இரண்டு மாதமாக இரவில் பால் சோறும் காலையில் டீயும் பிஸ்கட்டுமே அவர் உணவாக இருந்ததும், ஈற்றைக் கிழித்த பல்செட் ஒரு பழைய வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்ததும் தெரிய வந்தன.