அமீபா கிடைத்துவிட்டது என்று சொல்வதற்கு முன்

போன மாதம் ஓர் ஆய்வு மாணவி என் அறைக்கு ஓடி வந்தாள். குளம், கிணறு, நீச்சல் குளம், தெருக்குழாய் என்று ஊரெல்லாம் அலைந்து 32 இடங்களில் தண்ணீர் எடுத்திருந்தாள். "மேம், எல்லாத் தட்டிலும் அகாந்தமீபா!" என்றாள். அகாந்தமீபா என்பது மண்ணிலும் தண்ணீரிலும் வாழும், கண்ணின் கருவிழியில் புண் உண்டாக்கக்கூடிய ஓர் அமீபா. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் ஒரு காலத்தில் இதே சந்தோஷத்தோடு என் வழிகாட்டியின் அறைக்குள் நுழைந்திருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தட்டில் தேதி எழுதாமல் விடுவது, ஓரத்தை ஒட்டாமல் விட்டு அகார் (தட்டில் ஊற்றி உறையவைத்த கூழ்) காய்ந்துபோவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தானாகத் திருந்திவிடும். தவறு என்றே தெரியாமல் மாதக்கணக்கில் நம்மோடு வருபவை வேறு.

வெறும் தண்ணீருக்கு ஒரு தட்டு வைக்காமல் விடுவது

முறை எளிதுதான். எடுத்து வந்த தண்ணீரில் அரை லிட்டரை மெம்பரேன் என்ற நுண்துளை வடிதாள் வழியாக வடிகட்டி, அந்த மெம்பரேனைச் சத்தில்லாத அகார் தட்டின் மேல் கவிழ்த்து வைக்கிறோம். தட்டில் ஈ.கோலை பாக்டீரியாவைப் பூசியிருப்போம். அமீபாவுக்கு அதுதான் சாப்பாடு. மெம்பரேனுக்கு அடியிலிருந்து அமீபாக்கள் மேய்ந்துகொண்டே வெளியே வரும். மாடு மேய்ந்த புல்தரை மாதிரி, அவை போன தடம் மைக்ரோஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும்.

ஒரு தண்ணீரை வடித்து முடித்து அடுத்ததை ஊற்றுவதற்கு முன் புனலைக் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டோகிளேவ் செய்ய (அழுத்த நீராவியில் கிருமி நீக்க) நேரம் இல்லை என்று, வாஷ் பாட்டிலில் இருந்த டிஸ்டில்ட் வாட்டரால் அலசிவிட்டேன். அந்தப் பாட்டிலை நிரப்பியது மூலையில் இருந்த 20 லிட்டர் பிளாஸ்டிக் கேனிலிருந்து. கேனை யார், எப்போது கழுவினார்கள் என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

நான்கு மாதம் வேலை செய்தேன். 41 தண்ணீர், 41 தட்டிலும் அமீபா. மரபணு வரிசை பார்க்க அனுப்பினேன். எல்லாம் டி4 வகை என்று வந்தது. உலகம் முழுவதும் மண்ணிலும் தண்ணீரிலும் அதிகமாகக் கிடைப்பது டி4. கண் நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவதும் அதுதான். அதனால் சந்தேகமே வரவில்லை. ஆனால் அவை டி4 என்பதோடு நிற்கவில்லை. 41 வரிசைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. கோயில் குளத்துக்கும் குளோரின் போட்ட நீச்சல் குளத்துக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. அதையும் பார்த்துவிட்டு, நம் ஊர் முழுக்க ஒரே வகைதான் பரவியிருக்கிறது என்று ஒரு பத்தி எழுதி மாநாட்டுக்கு அனுப்பினேன்.

பக்கத்து மேசையில் வேலை செய்த மூத்த டெக்னீஷியன் ஒருவர்தான், "கேன் தண்ணியத் தட்டுல போட்டுப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். போட்டேன். மூன்றாம் நாள் தடம் தெரிந்தது.

மாநாட்டுக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றேன். வரிசை பார்க்கச் செலவான பணம் வழிகாட்டியின் திட்டத்திலிருந்து போனது. அதைவிட இன்றும் எரிச்சல் தருவது வேறொன்று. அந்த 41-ல் சில தண்ணீரில் உண்மையாகவே அமீபா இருந்திருக்கும். எவற்றில் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கோடையில் வற்றிய குளத்தில் எடுத்தது, முதல் மழைக்கு மறுநாள் எடுத்தது எல்லாம் வீண். அந்த நாட்கள் திரும்ப வராது.

டிஸ்டில்ட் வாட்டரில் அமீபா எப்படி என்று கேட்பார்கள். காய்ச்சி வடிக்கும்போது அது சாகிறது, சரி. அப்புறம் அந்தத் தண்ணீர் கேனில் வாரக்கணக்கில் நிற்கிறதே. கேனின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அது பாக்டீரியாப் படலம். பாக்டீரியா இருக்கும் இடத்துக்கு அமீபா வந்து சேரும். தூசியோடு சிஸ்டாக, அதாவது கெட்டிச் சுவருக்குள் உறங்கும் நிலையில், வந்து விழும். இரண்டு அடுக்குச் சுவர் கொண்ட அகாந்தமீபா சிஸ்ட், 20 வருடத்துக்கு மேல் கிடந்துவிட்டு மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. ஆய்வகங்களில் அவசரத்துக்குக் கண் கழுவ வைத்திருக்கும் குழாய்களிலேயே இது வாழ்வதை 1980களிலேயே கண்டிருக்கிறார்கள்.

இந்தத் துறை தொடங்கியதே இப்படி அழையாமல் வந்த அமீபாவால்தான். 1930-ல் இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெலானி ஈஸ்ட் வளர்த்த தட்டில் ஓர் அமீபா திரிவதைப் பார்த்தார். பின்னால் அகாந்தமீபா என்ற பெயர் வந்தது அந்த வழியில்தான். 1950களின் கடைசியில் போலியோ தடுப்பூசிப் பரிசோதனைக்காகக் குரங்குச் சிறுநீரகச் செல்களை வளர்த்தபோது, அவற்றுக்குள் அமீபா புகுந்திருந்தது. அமெரிக்க ஆய்வாளர் கிளைட் கல்பர்ட்சன் அதை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் செலுத்தினார். மூளை அழற்சியில் அவை செத்தன. மனிதருக்கும் இது வரலாம் என்ற எண்ணம் அங்கிருந்து எழுந்தது. 1965-ல் ஆஸ்திரேலியாவில் ஃபௌலரும் கார்ட்டரும் மனிதர்களில் அமீபாவால் வந்த மூளை நோயைக் காட்டினார்கள். காஸ்டெலானியும் கல்பர்ட்சனும் தாங்கள் பார்ப்பது வெளியிலிருந்து வந்து கலந்தது என்று புரிந்துகொண்டவர்கள். நான் புரிந்துகொள்ளவில்லை.

அமீபா எங்கும் இருக்கிறது. அதனால் தட்டில் அமீபா இருப்பது இன்னும் முடிவு ஆகாது. எங்கிருந்து வந்தது என்று காட்டினால்தான் முடிவு. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்போது ஒன்று, நடுவில் ஒன்று, முடியும்போது ஒன்று என்று வெறும் தண்ணீரை அதே புனலில் வடித்துத் தட்டு வையுங்கள். அலசும் தண்ணீரைச் சின்னப் பாட்டில்களில் ஊற்றி ஆட்டோகிளேவ் செய்து, திறந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனைக்கும் இதே விதிதான்: தண்ணீரை மட்டும் வைத்து டிஎன்ஏ பிரித்தெடுத்த ஒரு குழாய் கட்டாயம் ஓட வேண்டும். எல்லாமே பாசிட்டிவ் என்றால் முதலில் கேனைத் தேடுங்கள்.

என் மாணவியின் வாஷ் பாட்டிலிலும் இருந்தது. 32 தட்டையும் ஆட்டோகிளேவில் போட்டோம்.

ஃபிரிட்ஜில் வைப்பது

பாக்டீரியா ஆய்வகத்தில் பழகியவர்களின் கை தானாக ஃபிரிட்ஜைத் திறக்கும். மூளைக்காய்ச்சல் நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் மூளையைத் தாக்கும் அமீபாவான நெக்லேரியா ஃபௌலரி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், ஃபிரிட்ஜ்தான் எதிரி. அது சூடு விரும்பி. 45 டிகிரியிலும் வளரும். குளிரில் சுருண்டு செத்துப்போகும். மூளைக்குள் அது சிஸ்ட் ஆவதில்லை, அதனால் தப்பிக்க அதற்கு வேறு வழியும் இல்லை.

2024-ல் கேரளத்தில் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்த பிறகு, எங்களுக்கும் ஆஸ்பத்திரிகளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. ஒருநாள் மதியம் ஓர் இளம் டாக்டர், "நேற்று ராத்திரியே எடுத்துட்டோம் மேடம், பத்திரமா ஃபிரிட்ஜில் இருக்கு" என்றார். சொட்டைப் பார்த்தேன். அசைவு எதுவும் இல்லை. இல்லை என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. இந்த நோயில் அறிகுறி தொடங்கிப் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் உயிர் போய்விடுகிறது. அதில் ஓர் இரவு என்பது எவ்வளவு பெரியது!

அறை வெப்பத்தில் வையுங்கள். பிசிஆருக்கு ஒரு பங்கைத் தனியாக எடுத்துவிட்டு, மீதியை உடனே ஈரச் சொட்டாகவே பாருங்கள். சென்ட்ரிஃபியூஜில் சுழற்ற வேண்டும் என்றால் மெதுவாக, 250 ஜி (புவியீர்ப்பைப் போல 250 மடங்கு) போதும். காயவைத்துச் சாயம் போட்ட ஸ்லைடை மட்டும் நம்பாதீர்கள். காய்ந்த அமீபா உருக்குலைந்துபோகும். இந்த நீர் பார்க்க அப்படியே பாக்டீரியா மூளைக்காய்ச்சல் போல இருக்கும்: நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஏறியிருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும், ஆனால் பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயத்தில் பாக்டீரியா இருக்காது. அந்த ஒரு பொருத்தமின்மையே போதும், அமீபாவைத் தேட. வெள்ளையணு எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடியில் நீங்கள் எண்ணும் 'அணு' ஒன்று ஒரு பக்கமாகப் பொங்கி நகர்கிறதா என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

வால் முளைத்ததும் பெயர் வைப்பது

காய்ச்சி வடித்த, சுத்தமான தண்ணீரில் விட்டால் நெக்லேரியாவுக்கு ஓரிரண்டு மணி நேரத்தில் இரண்டு வால்கள் முளைக்கும். பார்க்க அழகான காட்சி. ஆனால் நெக்லேரியாவில் 40-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் மனிதனைக் கொல்வதாகத் தெரிந்தது ஃபௌலரி ஒன்றுதான். சரி, 45 டிகிரியில் வளர்கிறதே என்பார்கள். நோய் தராத நெக்லேரியா லோவானியென்சிஸ் என்ற இனமும் அந்தச் சூட்டில் வளரும். மரபணு வரிசை பார்க்காமல் பெயரை வெளியே விடக் கூடாது.

ஒருவர் விட்டுவிட்டார். கோயில் குளத்தில் 'மூளையைத் தின்னும் அமீபா' என்று செய்தி பரவி, அந்தக் குளத்துத் தண்ணீரைத் தொடவே மக்கள் பயந்தார்கள். குடித்தாலே வந்துவிடும் என்று ஒரு பாட்டி அழுதார். குடிப்பதால் வராது, மூக்கு வழியாக ஏறி மோப்ப நரம்பைப் பிடித்தால்தான் வரும் என்று எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பது? வரிசை வந்தபோது அது ஃபௌலரியே இல்லை.

பலமூத்தியாவை ஈ.கோலை தட்டில் தேடுவது

பலமூத்தியாவும் மூளையைத் தாக்கும் ஓர் அமீபாதான். ஆனால் அது பாக்டீரியாவைத் தின்னாது. செல் வளர்ப்பு வேண்டும்.

கண் நோயாளியிடம் லென்ஸ் பற்றி மட்டும் கேட்பது

அமெரிக்க, பிரிட்டன் கட்டுரைகளைப் படித்துக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் காண்டாக்ட் லென்ஸில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். இந்தியாவில் அகாந்தமீபா கருவிழிப் புண்ணோடு வருபவர்களில் பெரும்பாலோர் லென்ஸைத் தொட்டதே இல்லை. நாற்று நடும்போது சேறு தெறித்தது, கதிர் அடிக்கும்போது தூசி விழுந்தது, கண் உறுத்துகிறது என்று வாய்க்கால் தண்ணீரால் கழுவியது: இவற்றைக் கேளுங்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டாரா என்றும் கேளுங்கள். ஸ்டீராய்டு சொட்டு வலியைக் குறைத்துவிட்டு, உள்ளே அமீபாவுக்கு வழிவிடும்.

பாதி உயிரைக் கொன்றுவிட்டு மருந்து என்பது

வேப்பிலைச் சாறு, மஞ்சள் சாறு என்று வாரம் ஒரு மாணவர் வருகிறார். எல்லாரும் நகரும் நிலையில் இருக்கும் ட்ரோபோசோயிட்டைக் கொன்று காட்டுகிறார்கள். கண்ணில் நோயைத் திரும்பத் திரும்பக் கிளப்புவது சிஸ்ட். அதன் சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. மாதக்கணக்கில் மருந்து போட வேண்டியிருப்பதே அதனால்தான். சிஸ்டில் சாயம் ஏறிவிட்டது, செத்துவிட்டது என்று எழுதாதீர்கள். மருந்தைக் கழுவிவிட்டு, புதிய ஈ.கோலை தட்டில் போட்டு, இரண்டு வாரம் காத்திருங்கள். அதற்குள் யாரும் வெளியே வரவில்லை என்றால் பேசுவோம். வருடக்கணக்கில் திரவ ஊடகத்தில் வளர்த்த பழைய இனத்தை வைத்துச் செய்யாதீர்கள். அது சிஸ்ட் ஆவதையே மறந்திருக்கும்.

லென்ஸ் போட்டுக்கொண்டு அமீபா மேசையில் உட்காருவது

கூடாது.

உள்ளே தெரியும் புள்ளிகளைக் கழித்துவிடுவது

அமீபாவுக்குள் நடுங்கும் சிறு புள்ளிகள் தெரிந்தால், தட்டு கெட்டுவிட்டது என்று புதியவர்கள் எறிந்துவிடுகிறார்கள். நிமோனியா தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா அமீபாவுக்குள் பெருகுவதை 1980-ல் ரோபோதம் என்ற ஆய்வாளர் கண்டதே இப்படிப்பட்ட புள்ளிகளைப் பொறுமையாகப் பார்த்ததால்தான். 1992-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரத்தில் ஒரு குளிரூட்டும் கோபுரத்துத் தண்ணீரிலிருந்து கிடைத்த அமீபாவுக்குள்ளும் புள்ளிகள் இருந்தன. கிராம் சாயம் பிடித்ததால் பாக்டீரியா என்றே நினைத்தார்கள். 2003-ல்தான் அது மிமிவைரஸ் என்ற ராட்சத வைரஸ் என்று தெரிந்தது. அத்தனை வருடமும் அதை யாரும் கழுவி ஊற்றவில்லை.

புள்ளி தெரிந்தால் ஒரு பங்கை மைனஸ் 80 டிகிரி ஃபிரீசரில் போட்டுவிட்டு, தட்டோடு என்னிடம் வாருங்கள். அலசும் தண்ணீருக்கு வைத்த தட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.