மலை ஏரிக்கு நாயோடு போகிறீர்களா? ஈறைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் கோடைக்காலமான டிசம்பர் விடுமுறையில் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் முதுகுப்பையும் நாயுமாகக் கிளம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உக்கஹ்லாம்பா டிராக்கன்ஸ்பர்க் பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. ஆனால் மலையடிவாரத்து அண்டர்பர்க் வட்டாரப் பண்ணைகளில் ட்ரவுட் மீன் ஏரிகள் உண்டு. நாயைச் சேர்ப்பார்களா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் அடிக்கடி வரும், அதனால் விடியற்காலையிலேயே நடந்துவிடுங்கள். ஏரித் தண்ணீரில் பச்சைப் பாசி ஆடை போலப் படர்ந்திருந்தால் நாயை வாய் வைக்க விடாதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் உண்ணிதான். போன கோடையில் ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து, எங்கள் நாய் மணி கோழிச்சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கினால் ஈறு காகிதமாய் வெளுத்திருந்தது. பிலியரி, உண்ணி கடித்து வரும் காய்ச்சல். அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான்.

கிளம்பும் முன்பே உண்ணி மருந்து கொடுத்துவிடுங்கள். தினமும் சாயங்காலம் காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, வாலடி எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி அகப்பட்டால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். அப்புறம், வீடு திரும்பி மூன்று வாரம் வரை ஈறையும் மூத்திர நிறத்தையும் கவனியுங்கள். ஈறு வெளுத்தாலோ மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போனாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.