கைபேசியின் எக்ஸ்1 கோரில் மட்டும் ஒரு நிரலை ஓட்டுவது எப்படி?

என் கைபேசியிலுள்ள ஸ்னாப்டிராகன் 888 சில்லில் எட்டு கோர்கள் (கட்டளைகளை நிறைவேற்றும் தனித்தனிச் செயல் மையங்கள்) உண்டு: நான்கு கார்டெக்ஸ் ஏ55, மூன்று ஏ78, 2.84 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் ஒரே ஒரு எக்ஸ்1. ஆர்ம் நிறுவனம் 2020-இல் அறிவித்த எக்ஸ்1, மின்சிக்கனத்தைச் சற்றே விட்டுக்கொடுத்து வேகத்தை நாடிய வடிவமைப்பு. ஏ55 கட்டளைகளை வந்த வரிசையிலேயே, ஒரு கடிகாரச் சுழற்சிக்கு அதிகபட்சம் இரண்டாக நிறைவேற்றும். எக்ஸ்1 சுழற்சிக்கு ஐந்து கட்டளைகளைப் பிரித்தறிந்து, 224 கட்டளைகள் வரை கையில் வைத்துக்கொண்டு, தயாரானதை முதலில் முடித்துவிடும். இந்த வேறுபாட்டை ரூட் (கைபேசியின் முழுக் கட்டுப்பாட்டு அனுமதி) இல்லாமலே அளந்து பார்க்கலாம்.

படி 1: ஆண்ட்ராய்டில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க உதவும் டெர்மக்ஸ் செயலியைத் திறந்து, பிராக் அடைவிலுள்ள சிபியுஇன்ஃபோ கோப்பைக் கேட் கட்டளையால் படியுங்கள். ஒவ்வொரு கோருக்கும் உள்ள ‘பார்ட்’ எண் டி05 என முடிந்தால் ஏ55, டி41 என்றால் ஏ78, டி44 என்றால் எக்ஸ்1. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால், என் கருவியில் எக்ஸ்1 ஏழாம் எண்ணில் இருந்தது.

படி 2: ஒரு நிரலைக் குறிப்பிட்ட கோர்களில் மட்டும் ஓட்டவைக்கும் டாஸ்க்செட் கட்டளைக்குப்பின் கோரைக் குறிக்கும் எண்ணையும், அதன்பின் ஓட்டவேண்டிய நிரலையும் இடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். ஏழாவது கோர்தானே என்று 7 கொடுத்தேன். நிரல் ஆமையாய் நகர்ந்தது, நானோ இரண்டு நாள் கைபேசியின் சூட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது கோரின் எண் அன்று, பதினாறடிமானத்தில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) எழுதப்படும் முகமூடி. அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு கோர். 7 என்பது இருமத்தில் 111 ஆதலால், 0, 1, 2 ஆகிய மூன்று ஏ55 கோர்களையே நான் தேர்ந்திருக்கிறேன். ஏழாம் பிட்டின் மதிப்பு பதின்மத்தில் 128, பதினாறடிமானத்தில் 80. ஆகவே எக்ஸ்1-க்கு 80 என்றும், முதல் ஏ55-க்கு 1 என்றும் கொடுக்க வேண்டும். பதின்மக் கணக்குப்படி 128 என்று எழுதிவிட்டதாக ஒரு வாசகர் சொன்னார். அது 3, 5 ஆகிய கோர்களுக்குப் போய்விடும்.

படி 3: ஒரு பெரிய கோப்பை ஜிஜிப் என்னும் சுருக்கும் நிரலால் எக்ஸ்1-இலும் ஏ55-இலும் தனித்தனியே சுருக்கி, டைம் கட்டளையால் நேரத்தை அளவிடுங்கள். எந்தக் கோரில் ஓடியது என்று சொல்லாமல் மதிப்பெண் மட்டும் காட்டும் செயலிகளைவிட இதையே நான் நம்புகிறேன். முதல் ஓட்டத்தில் கோப்பை நினைவகத்துக்குக் கொண்டுவரும் நேரமும் சேர்ந்துவிடுவதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: முகமூடி சரியாக இருந்தும் வேகம் வரவில்லை என்று சிலர் கேட்டார்கள். டெர்மக்ஸ் பின்னணிக்குப் போனதும் ஆண்ட்ராய்டு அதைச் சிறிய கோர்களுக்குள் அடைத்துவிடக்கூடும். ஆகவே அளவீடு முடியும்வரை திரையை அணையவிடாமல், அதே சாளரத்தில் இருங்கள்.