'ஷோ' கொடுத்தும் விண்டோ வரவில்லையா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஜியூஐ (விண்டோ, பட்டன் கொண்ட வரைகலை இடைமுகம்) எழுதப் பழகுபவர்கள் பெரும்பாலும் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோவைக் காட்டும் ஃபங்ஷனை அழைத்திருப்பார்கள், பிழை எதுவும் வந்திருக்காது. ஆனால் திரையில் ஒன்றும் இருக்காது, அல்லது வெறும் வெள்ளைச் சதுரம் நிற்கும். டிகின்டர் (பைத்தான்), க்யூட்டி (சி++, பைத்தான்), ஸ்விங் (ஜாவா), வின்32 (விண்டோஸ்) என்று எந்த ஜியூஐ கருவியில் எழுதினாலும் இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே வேர்தான். ஷோ என்ற ஃபங்ஷன் விண்டோவின் உள்ளடக்கத்தை வரைந்து முடிப்பதில்லை. 'இனி இது கண்ணுக்குத் தெரிய வேண்டும்' என்று பதிந்துவிட்டுத் திரும்பிவிடும். பட்டனும் எழுத்தும் வரையப்படுவது அதன்பின் ஈவென்ட் லூப் (கிளிக், வரைதல் போன்ற வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் சுழற்சி) ஓடும்போதுதான்.

இதை மறந்துவிட்டு எழுதும்போது வரும் தவறுகளில் பெரியது, லூப்பை மறித்துக்கொண்டு வேலை செய்வது. ஒரு பட்டனை அழுத்தினால் பெரிய கோப்பு ஒன்று நகலாக வேண்டும் என்று வையுங்கள். பட்டனுக்கான ஃபங்ஷனில் முதல் வரியாக லேபிளில் 'காத்திருக்கவும்' என்று மாற்றுகிறீர்கள், அடுத்த வரியில் நகலெடுக்கிறீர்கள், கடைசியில் 'முடிந்தது' என்று மாற்றுகிறீர்கள். ஓட்டிப் பார்த்தால் 'காத்திருக்கவும்' கண்ணில் படவே படாது. அந்த ஃபங்ஷன் முடிந்தால்தான் கட்டுப்பாடு லூப்புக்குத் திரும்பும், அதற்குள் லேபிள் 'முடிந்தது' என்று ஆகிவிட்டிருக்கும். விண்டோஸில் ஒரு நிரல் 5 விநாடி மெசேஜ்களை (கிளிக், வரைதல் போன்றவற்றுக்கான அறிவிப்புகளை) எடுக்காமல் இருந்தால், 'பதிலளிக்கவில்லை' என்ற முத்திரையும் விழுந்துவிடும். பைத்தானில் ஸ்லீப் போட்டுக் காத்திருப்பதும் இதே தவறுதான். டிகின்டரில் அதற்கு, லூப்பை மறிக்காமல் குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை அழைக்கும் 'ஆஃப்டர்' இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பலர் இதற்கு மருந்தாக நடுநடுவே 'அப்டேட்' என்று அழைப்பார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டிகின்டரின் அப்டேட் வரைவதோடு நிற்காது, காத்திருக்கும் கிளிக்குகளையும் இயக்கும். பயனர் அதே பட்டனை மறுபடி அழுத்தினால், முதல் நகல் முடியாமலேயே இரண்டாவது நகல் தொடங்கிவிடும். நீண்ட வேலையைத் தனி த்ரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைக்கு) அனுப்புவதே சரி. ஆனால் அந்த த்ரெட்டிலிருந்து லேபிளையோ பட்டனையோ நேரடியாகத் தொடாதீர்கள். க்யூட்டியில் சிக்னல் வழியாகவும், ஸ்விங்கில் 'இன்வோக்லேட்டர்' வழியாகவும் ஈவென்ட் லூப் ஓடும் த்ரெட்டுக்குச் செய்தி அனுப்புங்கள். நேரடியாகத் தொட்டால் உங்கள் கணினியில் நூறு முறை ஓடிவிட்டு, வேறொருவர் கணினியில் விழுந்துவிடும். இத்தகைய பிழையைத் தேடிப் பிடிப்பது மிகவும் கஷ்டம்.

அடுத்தது வின்32 எழுதுபவர்களுக்கு. 'ஷோவிண்டோ' திருப்பித் தரும் மதிப்பு வெற்றியா தோல்வியா என்பதைச் சொல்வதில்லை. அந்த விண்டோ இதற்கு முன் தெரிந்துகொண்டிருந்ததா என்பதைத்தான் சொல்கிறது. ஏற்கெனவே மறைந்திருந்த விண்டோவைக் காட்டினால் 0 வரும். அதைத் தோல்வி என்று நினைத்து நிரலை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. எல்லாம் சரியாக நடந்திருக்கும், சோதனைதான் தவறு. உண்மையில் சோதிக்க வேண்டிய இடம் விண்டோவை உருவாக்கும் 'கிரியேட்விண்டோ'. அது நல் (வெற்று மதிப்பு) கொடுத்தால், கடைசிப் பிழையின் எண்ணைத் தரும் 'கெட்லாஸ்ட்எரர்' உடனே பாருங்கள். 1407 என்று வந்தால், விண்டோ கிளாஸை (விண்டோவின் வகைக்கான வரையறையை) பதிவு செய்யவில்லை, அல்லது பெயரை மாற்றி எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

விண்டோவை வரையச் சொல்லும் வின்32-இன் பெயின்ட் மெசேஜிலும் ஒரு பொறி இருக்கிறது. அதைக் கையாளும்போது 'பிகின்பெயின்ட்' அழைக்காமல் விட்டால், அந்தப் பகுதி வரையப்பட்டதாகக் கணக்கில் வராது. அதனால் அதே மெசேஜ் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், சிபியூவும் வீணாகச் சுழலும்.

விண்டோ மின்னல்போல் தோன்றி மறைந்தால், அதன் ஆயுளைக் கவனியுங்கள். க்யூட்டியில் ஒரு ஃபங்ஷனுக்குள் உள்ளூர் மாறியாக விண்டோவை உருவாக்கி ஷோ கொடுத்தால், ஷோ உடனே திரும்பும், ஃபங்ஷன் முடியும், மாறியோடு விண்டோவும் அழியும். பைத்தானில் எழுதினாலும் இதே கதைதான். விண்டோவை ஆப்ஜெக்டின் உறுப்பாக வைத்துக்கொண்டால் நிலைக்கும். டயலாக் பெட்டியில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். ஷோ காத்திருக்காது, 'எக்ஸெக்' என்ற ஃபங்ஷனோ பெட்டி மூடப்படும்வரை காத்திருக்கும். ஷோ கொடுத்த அடுத்த வரியிலேயே பயனரின் விடையைப் படித்தால், அவர் இன்னும் ஒன்றுமே தட்டியிருக்க மாட்டார்.

ஸ்விங்கில் வரிசை முக்கியம். முதலில் பட்டன்களைச் சேருங்கள், பிறகு உள்ளடக்கத்துக்கு ஏற்ப அளவை அமைக்கும் 'பேக்', அப்புறம் திரையில் இடம், கடைசியாகத்தான் விண்டோவைக் காட்டும் 'செட்விசிபிள்'. ஜேஃப்ரேமை (ஸ்விங்கின் விண்டோவை) மூடினால் இயல்பாக அது மறைய மட்டுமே செய்யும், நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். மூடும்போது நிரலும் நிற்க வேண்டுமானால் அதை நீங்களே அமைக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் விண்டோ கண்ணில் படவில்லையா? அது திரைக்கு வெளியே திறந்திருக்கலாம். கடைசியாக இருந்த இடத்தைச் சேமித்து வைக்கும் நிரல்களில் இது நடக்கும். இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய பிறகும் அந்தப் பழைய எண்களிலேயே விண்டோ திறக்கும். சேமித்த இடம் இப்போதுள்ள திரைகளுக்குள் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் திறங்கள். வின்32-இல் 'செட்விண்டோபிளேஸ்மென்ட்' பயன்படுத்தினால், முழுக்க வெளியே போய்விட்ட விண்டோவைத் தெரியும் இடத்துக்கு அதுவே நகர்த்திவிடும்.