அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியைச் சரியாகப் பின்தொடர்வது எப்படி?

அமெரிக்க அதிபர் தேர்தல் நவம்பரில்தான் நடக்கும். ஆனால் அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே ஒரே கட்சிக்குள் பத்துப் பதினைந்து பேர் கிளம்பிவிடுவார்கள். 2020 தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் களத்தில் இருந்தார்கள். தலைமை பட்டியல் வெளியிட்டால் முடிந்தது என்று பழகிய நமக்கு இது பெரிய குழப்பமாகத் தெரியும். செய்திகளும் உதவுவதில்லை. "இவர் முந்துகிறார், அவர் சறுக்கினார்" என்று தினமும் ஒரு தலைப்பு, அவ்வளவுதான். உண்மையில் இந்தப் போட்டியில் ஜெயிப்பது யார் என்பதை டெலிகேட் (கட்சி மாநாட்டில் ஓட்டுப் போடும் பிரதிநிதி) எண்ணிக்கை முடிவு செய்கிறது, அந்த எண்ணிக்கையைக் கட்சி விதிகள் முடிவு செய்கின்றன. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதித் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கவே தேவையில்லை.

முதலில், ஒரு வருஷத்துக்கு முன்னால் வரும் நாடு தழுவிய கருத்துக்கணிப்புகளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 2007 முழுக்கக் குடியரசுக் கட்சிக் கணிப்புகளில் பெரும்பாலும் முன்னால் நின்றவர் ரூடி ஜூலியானி. ஆரம்ப மாநிலங்களை விட்டுவிட்டு ஃபுளோரிடாவையே நம்பி இருந்தார், 2008 ஜனவரி 29 அன்று அங்கே மூன்றாவதாக வந்தார், மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். 2019 ஜனவரியில் ஓக்லாந்தில் பெருங்கூட்டத்துக்கு நடுவே தொடங்கிய கமலா ஹாரிஸ், ஒரு ஓட்டுகூடப் பதிவாகும் முன்பே அந்த டிசம்பரில் விலகிவிட்டார். இதற்காகக் கணிப்பே பொய் என்று சொல்ல வரவில்லை. 2024இல் டிரம்ப் தொடக்கம் முதல் முன்னணியில் இருந்தார், அப்படியே ஜெயித்தார். விஷயம் என்னவென்றால், நாடு முழுவதும் ஒரே நாளில் ஓட்டுப் போடுவதில்லை. மாநிலம் மாநிலமாகப் போகிறது, ஒரு மாநில முடிவு அடுத்த மாநில மக்களின் மனதை மாற்றுகிறது. அதனால் நாட்டுக் கணிப்பை விட, அடுத்து ஓட்டுப் போடப்போகும் இரண்டு மூன்று மாநிலங்களின் கணிப்பைப் பாருங்கள்.

அடுத்து காலண்டர். வழக்கமாக அயோவா (இங்கே நடப்பது காக்கஸ், அதாவது கட்சி ஆதரவாளர்கள் கூடித் தேர்வு செய்யும் உள்ளூர்க் கூட்டம்), நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, தெற்கு கரோலினா ஆகிய நான்கும் முதலில் வரும், அப்புறம் ஒரே நாளில் பதினைந்து மாநிலங்கள் அளவுக்கு ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாய். ஆனால் இந்த வரிசை கல்வெட்டு இல்லை. பிரைமரிகளில் (ஓட்டுச்சீட்டில் ஓட்டுப் போட்டுக் கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் தேர்தல்) தங்களுடையதுதான் முதலில் நடக்க வேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டமே வைத்திருக்கிறது. 2024இல் ஜனநாயகக் கட்சி, தெற்கு கரோலினாதான் முதல் என்று அறிவித்தது, நியூ ஹாம்ப்ஷயர் அதைக் கேட்கவில்லை, ஜனவரி 23 அன்று நடத்தியே விட்டது. பைடன் பெயர் ஓட்டுச்சீட்டில் இல்லை, ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டு அவரை ஜெயிக்க வைத்தார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் புதுக் காலண்டரைத் தேடி எடுங்கள், பழையதை நம்ப வேண்டாம்.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு 2020ஐ விடச் சிறந்த பாடம் கிடையாது. பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. கதை முடிந்தது என்று எழுதாத ஆள் இல்லை. ஆனால் அந்த இரண்டு மாநிலங்களிலும் வாக்காளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். தெற்கு கரோலினாவில் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்களில் கறுப்பின மக்களே அதிகம், அவர்களிடம் பைடனுக்கு ஆழமான செல்வாக்கு இருந்தது. பிப்ரவரி 26 அன்று அந்த மாநிலத்தின் மூத்த தலைவர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு தெரிவித்தார். 29ஆம் தேதி சனிக்கிழமை பைடன் அமோகமாக ஜெயித்தார். ஞாயிறு போட்டியாளர் பூட்டெஜெஜ் விலகல், திங்கள் இன்னொரு போட்டியாளர் குளோபஷார் விலகல், செவ்வாய் 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. நான்கே நாளில் போட்டியின் முகமே மாறிவிட்டது. தெற்கு கரோலினாவின் வாக்காளர்கள் யார் என்று முன்கூட்டியே கவனித்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது.

சரி, இப்போது டெலிகேட் கணக்கு. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் பிரதிநிதிகள்தான் டெலிகேட்கள். பாதிக்கு மேல் வைத்திருப்பவர் வேட்பாளர். 2024இல் குடியரசுக் கட்சியில் மொத்தம் 2,429 பேர், தேவை 1,215.

ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலங்களிலும் விகிதாசாரம்தான், ஆனால் 15 சதவீதம் எட்டாதவருக்கு எதுவும் கிடையாது. இதில் பெரும்பங்கு டெலிகேட்கள் மாநில மொத்தத்துக்கு அல்ல, தொகுதி தொகுதியாகப் பிரிக்கப்படுகிறார்கள். இங்கேதான் நுணுக்கம். இரண்டு பேர் போட்டியிடும் ஒரு தொகுதிக்கு 4 டெலிகேட் என்று வையுங்கள். ஒருவர் 60 சதவீதம் வாங்கி வெளுத்துக் கட்டினாலும் பங்கு 2, 2தான். 3, 1 ஆக வேண்டுமானால் 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதுவே 3 டெலிகேட் உள்ள தொகுதி என்றால் 51 சதவீதமே போதும், 2, 1 என்று ஒன்று கூடுதலாகக் கிடைத்துவிடும். அதனால் இரட்டைப்படைத் தொகுதியில் கொட்டுகிற பணமும் உழைப்பும் பல சமயம் வீண், ஒற்றைப்படைத் தொகுதியில் நூறு வீடு கூடுதலாகத் தட்டினால் பலன் உண்டு. 2008இல் ஒபாமாவின் ஆட்கள் இதை அப்படியே செய்தார்கள். நெவாடாவில் ஹில்லாரி கிளிண்டன்தான் அதிக ஆதரவு வாங்கினார், ஆனால் கணக்குப் போட்டால் ஒபாமாவுக்கு 13, ஹில்லாரிக்கு 12.

இன்னொரு உதாரணம், இது எனக்கு மிகவும் பிடித்தது. 2008 பிப்ரவரி 5, சூப்பர் செவ்வாய். நியூ ஜெர்சியில் பதினொரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு, ஹில்லாரி ஜெயித்தார், 59க்கு 48, அதாவது 11 டெலிகேட் லாபம். அதே நாள் ஐடஹோ காக்கஸில் கலந்துகொண்டவர்கள் சுமார் 21,000 பேர்தான். ஒபாமா அங்கே 15க்கு 3 என்று அள்ளினார், லாபம் 12. அன்றிரவு தொலைக்காட்சிகள் பேசியதெல்லாம் நியூ ஜெர்சியைத்தான். ஐடஹோவுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி, அலுவலகம் திறந்து, நேரில் போய்ப் பேசியது எந்தத் தலைப்பிலும் வரவில்லை, ஆனால் போட்டியைத் தீர்மானித்தது அந்த மாதிரி வேலைதான்.

குடியரசுக் கட்சியில் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில இடங்களில் விகிதாசாரம், சில இடங்களில் முதலில் வந்தவருக்கே எல்லாம், சில இடங்களில் கலப்பு. 2016இல் தெற்கு கரோலினாவில் டிரம்புக்கு 32.5 சதவீதம் ஓட்டுதான், ஆனால் 50 டெலிகேட்களும் அவருக்கே போயின. தலா 22 சதவீதம் வாங்கிய ரூபியோவுக்கும் குரூஸுக்கும் பூஜ்யம். பலர் களத்தில் நின்று ஓட்டைப் பிரித்தால் முன்னால் இருப்பவருக்குத்தான் கொண்டாட்டம் என்பது இதனால்தான். 2024இல் கலிஃபோர்னியாவில் பாதிக்கு மேல் வாங்கினால் எல்லாமே என்ற விதி, 169 டெலிகேட்களையும் டிரம்ப் எடுத்துக்கொண்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒரு தாளில் பெயர், கையில் உள்ள டெலிகேட், இன்னும் தேவைப்படுவது, மிச்சமிருக்கும் மொத்தத்தில் அது எத்தனை சதவீதம் என்று நான்கு கட்டம் போடுங்கள். அந்தக் கடைசி எண்தான் உயிர். 2008 மார்ச் 4 அன்று ஹில்லாரி ஒஹாயோவையும் டெக்சஸ் பிரைமரியையும் ஜெயித்தபோது "மீண்டு வந்தார்" என்று எங்கும் பேச்சு. ஆனால் டெக்சஸில் அதே நாள் நடந்த காக்கஸையும் சேர்த்தால் ஒபாமாவுக்கே டெலிகேட் அதிகம். அன்று ஹில்லாரிக்குக் கிடைத்த நிகர லாபம் சொற்பம், மிச்சமிருந்த மாநிலங்களோ குறைந்துகொண்டே வந்தன. அதாவது ஜெயித்த பிறகும் அவருக்குத் தேவைப்பட்ட சதவீதம் ஏறியது.

காக்கஸ் நடக்கும் மாநிலமாக இருந்தால் அன்றிரவு முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2012 அயோவாவில் மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரிக் சாண்டோரம் 34 ஓட்டு முன்னால் என்றார்கள். கடைசியில் அயோவாவின் பெரும்பாலான டெலிகேட்கள் இன்னொரு போட்டியாளரான ரான் பால் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள், ஏனென்றால் அடுத்தடுத்த உள்ளூர்க் கூட்டங்களில் கடைசி வரை உட்கார்ந்திருந்தவர்கள் அவருடைய ஆதரவாளர்கள்.

பணத்தைப் பார்க்கும்போது "இத்தனை கோடி திரட்டினார்" என்பதை விட்டுவிட்டு, கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, சிறு நன்கொடைகளாக வந்தது எவ்வளவு என்று பாருங்கள். மத்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். 2024இல் தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்குப் பிரைமரிக்காக அதிகபட்சம் 3,300 டாலர்தான் கொடுக்கலாம். முதல் நாளே அதைக் கொடுத்தவரிடம் திரும்பக் கேட்க முடியாது, 25 டாலர் கொடுத்தவரிடம் மாதாமாதம் கேட்கலாம். பணம் மட்டும் இருந்தாலும் போதாது. மைக்கேல் புளூம்பெர்க் 2020இல் சொந்தப் பணம் சுமார் 100 கோடி டாலர் செலவழித்தார், ஜெயித்தது குட்டித் தீவுப் பகுதியான அமெரிக்கன் சமோவா ஒன்றைத்தான். "பிரசாரத்தை நிறுத்தி வைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் விலகிவிட்டார் என்றே அர்த்தம்.

யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் மாநாட்டில் பல சுற்று ஓட்டு நடக்கும் என்று ஒவ்வொரு முறையும் யாராவது ஆரூடம் சொல்வார்கள். 1924இல் ஜனநாயகக் கட்சிக்கு 103 சுற்று தேவைப்பட்டது உண்மைதான், ஆனால் முதல் சுற்றைத் தாண்டியது கடைசியாக 1952இல். 1976இல் குடியரசுக் கட்சியில் ரீகனை ஃபோர்டு 1,187க்கு 1,070 என்று தோற்கடித்தபோதுகூட ஒரே சுற்றில் முடிந்தது. சூப்பர் டெலிகேட் (மாநில ஓட்டு முடிவுக்குக் கட்டுப்படாமல், பதவியால் டெலிகேட் ஆகும் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள்) பயமும் முன்பு போல் இல்லை. 2018இல் கொண்டுவந்த விதிப்படி, யாருக்கும் தெளிவான பெரும்பான்மை இல்லாவிட்டால் அவர்களுக்கு முதல் சுற்றில் ஓட்டு இல்லை.

நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சில மாநிலங்களில் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாமலே பிரைமரியில் ஓட்டுப் போடலாம், தெற்கு கரோலினா அப்படி. நியூயார்க் மாதிரி இடங்களில் அந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிவு செய்திருந்தால்தான் முடியும், கட்சி மாற்றிக்கொள்வதற்குக் கெடு பல மாதம் முன்பே முடிந்துவிடக்கூடும். 2016 ஏப்ரல் 19 பிரைமரிக்கு, ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் கட்சி மாற்றக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும்கூட அதைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே அங்கே ஓட்டுப் போட முடியாமல் போனது. உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் பதிவு எந்தக் கட்சியின் பெயரில் இருக்கிறது, கெடு எப்போது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.