ஒயினிலோ பீரிலோ தண்ணீர் சேர்க்கும்போது ஒப்படர்த்திக் கணக்கு தப்பும் இடங்கள்

20 லிட்டர் வோர்ட் (பீருக்காகத் தானியத்திலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) இருக்கிறது. ஒப்படர்த்தியை, அதாவது ஒரு திரவம் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தியானது என்பதை, மிதந்து காட்டும் கருவியான ஹைட்ரோமீட்டர் 1.060 காட்டுகிறது. வேண்டியது 1.050. எவ்வளவு தண்ணீர் விடலாம்?

20ஐ 1.060ஆல் பெருக்கி 1.050ஆல் வகுப்பதுதான் பலரும் முதலில் செய்வது. விடை 20.19 லிட்டர். அதாவது ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்கிறது கணக்கு. உண்மையில் வேண்டியது 4 லிட்டர்! இவ்வளவு பெரிய வித்தியாசம் வரக் காரணம், 1.000 என்பது தண்ணீரின் சொந்த ஒப்படர்த்தி. தண்ணீர் சேர்ப்பதால் அது குறையாது. குறைவது அதற்கு மேலே இருக்கும் பகுதி மட்டும்தான். அதனால் 1.060ஐ 60 புள்ளி என்றும், 1.050ஐ 50 புள்ளி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். 20 × 60 = 1200. அதை 50ஆல் வகுத்தால் 24. இது கடைசியில் இருக்க வேண்டிய மொத்த அளவு. ஏற்கெனவே இருக்கும் 20ஐக் கழித்தால் சேர்க்க வேண்டியது 4 லிட்டர்.

இரண்டு சாறுகளைக் கலக்கும்போதும் இதே வழிதான். 1.080இல் 10 லிட்டரும் 1.040இல் 5 லிட்டரும் சேர்ந்தால் நடுவில் 1.060 வரும் என்று எண்ணிவிடக் கூடாது. 800 + 200 = 1000 புள்ளி, அதை 15 லிட்டருக்குப் பங்கிட்டால் சுமார் 1.067.

கணக்கு சரியாக இருந்தும் அளவீடு காலை வாரிவிடலாம். ஹைட்ரோமீட்டர் எந்த வெப்பநிலைக்குச் செய்யப்பட்டது என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ் அல்லது 15.6 டிகிரி. 20 டிகிரிக்கான கருவியை 40 டிகிரிச் சூட்டில் இருக்கும் வோர்ட்டில் விட்டால், 1.060 இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 1.054 காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 4 லிட்டருக்குப் பதில் 1.6 லிட்டர்தான் வரும். திருத்த அட்டவணைகள் இருக்கின்றன. ஆனாலும் மாதிரியை ஆற வைத்து அளப்பதுதான் நம்பகமானது. கொதிக்கும் திரவம் ஆறும்போது அதன் கொள்ளளவும் சுமார் 4 சதவீதம் சுருங்கும் என்பதால், லிட்டர் கணக்கையும் ஆறிய பிறகே எடுங்கள். நொதித்துக்கொண்டிருக்கும் மாதிரி என்றால் வாயுக் குமிழ்கள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டி அதை மேலே தூக்கும். நன்றாகக் குலுக்கி வாயுவை வெளியேற்றிவிட்டு அளக்க வேண்டும்.

தண்ணீர் விட்டவுடன் எடுக்கும் அளவும் ஏமாற்றும். கனமான சாறு அடியில் தங்கும், தண்ணீர் மேலே நிற்கும். அடிக் குழாயிலிருந்து பிடித்தால் ஒப்படர்த்தி கூடுதலாகவும், மேலிருந்து மொண்டால் குறைவாகவும் தெரியும். கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று சர்க்கரையைக் கொட்டுவதற்கு முன்னால், அடிவரை நன்றாகக் கலக்கி இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

இனி, உண்மையிலேயே குழப்பம் மிகுந்த இடத்துக்கு வருவோம்: நொதித்தல் தொடங்கிய பிறகு தண்ணீர் சேர்ப்பது. 1.090இல் தொடங்கிய 20 லிட்டர் ஒயின் 1.030க்கு இறங்கியிருக்கும்போது 5 லிட்டர் தண்ணீர் விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 30 × 20 ÷ 25 = 24, அதாவது அளவு 1.024க்கு இறங்கும். இந்த 6 புள்ளி இறக்கத்தில் ஈஸ்டுக்குப் பங்கே இல்லை. அது வெறும் தண்ணீரின் வேலை. கடைசியில் ஒயின் 0.998இல் நிற்கிறது. இப்போது பழைய 1.090ஐயே தொடக்க அளவாக வைத்து, வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கும் வழக்கமான சூத்திரத்தில் போட்டால் 12.1 சதவீத ஆல்கஹால் என்று வரும். தவறு. தொடக்க அளவையும் 25 லிட்டருக்கு மாற்ற வேண்டும்: 90 × 20 ÷ 25 = 72. அப்படியானால் 1.072இலிருந்து 0.998 வரை, சுமார் 9.7 சதவீதம்தான். தொடக்க அளவும் முடிவு அளவும் ஒரே கொள்ளளவைப் பற்றிப் பேசினால்தான் சூத்திரத்துக்கே அர்த்தம் உண்டு. அதனால் எப்போது, எத்தனை லிட்டர் இருந்தபோது, எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்று அன்றைக்கே குறித்துவைப்பது மிக முக்கியம்.

முழுக்க நொதித்து முடிந்த ஒயினில் இன்னொரு விசித்திரம். 0.996இல் இருக்கும் 20 லிட்டரில் 4 லிட்டர் தண்ணீர் சேர்த்தால், அளவு இறங்காது, சுமார் 0.997க்கு ஏறும்! ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, அதை நீர்க்கச் செய்தால் ஒப்படர்த்தி 1.000ஐ நோக்கித்தானே போகும். இதைப் பார்த்து இனிப்பு கூடிவிட்டது என்று பதற வேண்டாம். இந்தக் கட்டத்தில் ஹைட்ரோமீட்டரைப் பார்த்துத் தண்ணீரின் அளவை முடிவுசெய்யவே முடியாது. ஆல்கஹாலை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்: 12.3 சதவீதத்தில் இருந்த 20 லிட்டர் 24 லிட்டராகும்போது சுமார் 10.3 சதவீதமாகும். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கைவசம் இருந்தாலும் இங்கே அப்படியே நம்ப வேண்டாம். ஆல்கஹால் கலந்த திரவத்தில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், தனித் திருத்தம் தேவைப்படும்.

என்னைக் கேட்டால், தண்ணீர் சேர்ப்பதை ஈஸ்ட் போடுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. அப்போதும் கணக்கில் வந்த தண்ணீரில் முக்கால் பங்கை முதலில் விட்டு, கலக்கி, அளந்து, அப்புறம் மீதியை விடுங்கள். விட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க வழியில்லை.

முடிந்த ஒயினில்தான் சேர்த்தாக வேண்டும் என்றால், கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜன் பெருமளவு வெளியேறியிருக்கும். புளிப்பும் அதே விகிதத்தில் இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்: லிட்டருக்கு 7 கிராம் அமிலம் இருந்தால், 20 லிட்டர் 24 ஆகும்போது அது 5.8 கிராம்தான். மொத்தத்தில் கை வைப்பதற்கு முன் 200 மில்லி ஒயினில் 40 மில்லி தண்ணீர் கலந்து குடித்துப் பாருங்கள். 20 லிட்டரில் 4 லிட்டர் விட்டால் வரப்போகும் சுவை அதுதான்.